கோப்பு இளைக்கலாம், சான்று தேயலாமா?



சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் மூவர் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஓர் ஆய்வு அறிக்கை. தூத்துக்குடி முத்துநகர் கடற்கரையில் மணல் மட்டம் மாதத்துக்கு மாதம் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். முறை மிக எளிது. கரையில் ஏற்கெனவே ஊன்றியிருந்த ஒரு கம்பத்தில் சிவப்புக் கோடு ஒன்று போட்டார்கள். வாரம் தவறாமல் சென்று, கம்பத்தின் பக்கத்தில் அளவுக்கோலை நிறுத்தி, மணலிலிருந்து கோடு வரை எத்தனை செண்டிமீட்டர் என்று தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்தார்கள். ஆறு மாதங்களில் 24 படங்கள். பெரிய கருவி இல்லை, செலவு இல்லை. ஆனால் நல்ல அறிவியல்!

நான் ஒரு படத்தைக் காட்டி, "இந்த வாரம் அளவு என்னம்மா? 33-ஆ, 38-ஆ?" என்று கேட்டேன். மூவரும் குனிந்து பார்த்தார்கள். 3 என்றாள் ஒருத்தி, 8 என்றாள் மற்றொருத்தி. எழுத்தைச் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாகக் கசிந்திருந்தது.

"நோட்டில் குறித்து வைக்கவில்லையா?"

"படத்துலதான் இருக்கே சார், அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம்."

"அசல் படம் கைப்பேசியில் இருக்குமே?"

அசல் படம் இல்லை. நடந்தது இதுதான். 24 படங்களையும் வேர்டு கோப்பில் சேர்த்தபோது அதன் எடை 96 மெகாபைட் ஆகிவிட்டது. 5 மெகாபைட்டுக்குள் அனுப்ப வேண்டும் என்பது போட்டியின் விதி. கடைசி நாள் இரவு. பக்கத்திலிருந்த கணினி நிலையத்துக்கு ஓடினார்கள். அங்கிருந்தவர் எதையோ இரண்டு முறை அழுத்தி 1.8 மெகாபைட்டாக்கிக் கொடுத்தார். மகிழ்ச்சியோடு அனுப்பிவிட்டு, இடம் அடைக்கிறதே என்று கைப்பேசியில் இருந்த படங்களையும் அழித்துவிட்டார்கள். ஆறு மாத உழைப்பில் பாதி அன்றே போய்விட்டது.

இதில் யாரைக் குறை சொல்வது? கணினி நிலையத்தாரையா? அவர் கேட்டதைச் செய்துகொடுத்தார். மாணவிகளையா? அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "5 மெகாபைட்டுக்குள் அனுப்பு" என்று விதி போடத் தெரிந்த நாம், அதை எப்படிச் செய்வது என்று கற்றுத்தரவில்லை. ஆகவே குற்றம் ஆசிரியர்களாகிய எங்களுடையது என்பதே என் கருத்து. அந்தக் கடனைக் கொஞ்சம் தீர்க்கவே இக்கட்டுரை.

எடை எங்கிருந்து வருகிறது?

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். இன்றைய சாதாரணக் கைப்பேசி எடுக்கும் படத்தில் குறுக்கே 4,000, நெடுக்கே 3,000 புள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் படப்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்; எண்ணுக்கு ஒரு பைட். ஆக 3 கோடியே 60 லட்சம் பைட், அதாவது 36 மெகாபைட்! கைப்பேசி தானாகவே அதைச் சுருக்கி ஏறத்தாழ 4 மெகாபைட்டாகச் சேமிக்கிறது. அந்தப் படங்கள் 24 சேர்ந்தால் 96 மெகாபைட். எழுத்துகளுக்கு எவ்வளவு இடம் என்கிறீர்களா? முப்பது பக்கத் தமிழ்க் கட்டுரையின் எழுத்துகள் ஒரே ஒரு படத்தின் பத்தில் ஒரு பங்கு இடத்தைக்கூட நிரப்பமாட்டா.

இவ்வளவு புள்ளிகளும் அறிக்கைக்குத் தேவையா? ஏ4 தாளின் அகலம் 21 செண்டிமீட்டர். இருபுறமும் ஓரம் விட்டால் படத்துக்குக் கிடைப்பது 16 செண்டிமீட்டர்; அதாவது 6.3 அங்குலம். இதில் 4,000 புள்ளிகளை அடைத்தால் அங்குலத்துக்கு 635 புள்ளிகள் ஆகின்றன. நம் கண்ணால் அவ்வளவு நுட்பமாகப் பார்க்க முடியுமா?

நலமான கண், ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு கோண இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறியும். 30 செண்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் படிக்கும் தாளில் இந்தக் கோணம் சுமார் 0.09 மில்லிமீட்டர் இடைவெளிக்குச் சமம். அங்குலத்துக்கு ஏறக்குறைய 290 புள்ளிகள். அதற்கு மேல் எத்தனை புள்ளிகளை நெருக்கி வைத்தாலும் கண்ணுக்கு அது வீண்! சாதாரண அறிக்கைக்கு அங்குலத்துக்கு 220 புள்ளிகளே தாராளம். 6.3 அங்குலத்துக்கு 1,386 புள்ளிகள். நெடுக்கே அதற்கேற்ப 1,040. மொத்தம் சுமார் 14 லட்சம். 1 கோடியே 20 லட்சம் எங்கே, 14 லட்சம் எங்கே? எட்டில் ஒரு பங்குதான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வேர்டில் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கியதும், கோப்பும் சிறிதாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். இல்லை. பெரிய போர்வையை மடித்துச் சிறிய பெட்டியில் வைத்தால் போர்வையின் எடை குறைந்துவிடுமா? தாளில் காணும் அளவுதான் குறைந்தது. உள்ளே 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளும் அப்படியே இருக்கின்றன.

நம்பிக்கை வரவில்லையா? நீங்களே சோதித்துப் பாருங்கள். படம் உள்ள ஒரு வேர்டு கோப்பைப் படி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரின் முடிவில் உள்ள 'டாக்ஸ்' என்ற வால் எழுத்துகளை நீக்கி 'ஸிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். வேர்டு கோப்பு என்பது உண்மையில் ஒரு மூட்டை என்பது தெரியும். உள்ளே 'வேர்டு' என்றொரு உறை, அதற்குள் 'மீடியா' என்றொரு உறை. நீங்கள் ஒட்டிய படங்கள் எல்லாம் முழு உருவத்தோடு அங்கே உட்கார்ந்திருக்கும். எது எத்தனை எடை என்பதையும் அங்கேயே காணலாம். நோய் எந்த இடத்தில் என்று தெரிந்த பிறகுதானே மருந்து?

இரண்டு வகைச் சுருக்கம்

சுருக்குவதில் இரண்டு வகை உண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

முதல் வகையைத் தூத்துக்குடி வ.உ. சிதம்பரனார் துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் சரக்குப் பெட்டகங்களைக் கொண்டு விளக்கலாம். ஒரு வரிசையை எழுதிக்கொள்ளச் சொன்னால், "நீலம், நீலம், நீலம், நீலம், நீலம், நீலம், சிவப்பு, சிவப்பு, சிவப்பு" என்று எழுதுவீர்களா? "நீலம் 6, சிவப்பு 3" என்றுதானே எழுதுவீர்கள்! எழுத்து குறைந்தது, செய்தி ஒரு துளியும் குறையவில்லை. வேண்டும்போது பழைய வரிசையை அப்படியே திருப்பி எழுதிவிடலாம். அடிக்கடி வரும் சொல்லுக்குச் சின்னக் குறி, எப்போதோ வரும் சொல்லுக்கு நீண்ட குறி என்று வைப்பதும் இவ்வகையே. இதற்குரிய மிகச் சிக்கனமான முறையைக் கண்டவர் டேவிட் ஹஃப்மன் என்ற அமெரிக்க மாணவர். தேர்வுக்குப் பதிலாகக் கட்டுரை எழுதலாம் என்று பேராசிரியர் கூறியதால் அவர் எடுத்துக்கொண்ட கணக்கு அது, 1952-இல் அச்சேறியது. ஸிப் மூட்டையும், பி.என்.ஜி. என்ற படவகையும் இத்தகைய இழப்பில்லாச் சுருக்கத்தையே பயன்படுத்துகின்றன. ஆனால் கடற்கரைப் படத்தில் ஒரே நிறம் வரிசையாக வருவதில்லை. மணலின் ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு நிறம். அங்கே இம்முறை அதிகம் உதவாது.

இரண்டாம் வகை, இழப்புள்ள சுருக்கம். கைப்பேசிப் படங்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் ஜேபெக் முறை இவ்வகையைச் சேர்ந்தது. இதன் உயிர்நாடியான கணிதத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் நம் நாட்டவர் என்பது உங்களுக்குத் தெரியுமா? பெங்களூரில் 1940-இல் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1972-இல் இந்த ஆய்வுக்கு நிதி கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை! எண்ணம் அவரை விடவில்லை. 1973 கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமலே உட்கார்ந்து கணக்கை முடித்தார். அவருடைய மாணவர் டி. நடராஜனும், நண்பர் கே. ஆர். ராவும் உடன் உழைத்தனர். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. 1992-இல் ஜேபெக் தரமாக ஏற்கப்பட்டபோது அதன் நடுநாயகமாக அமைந்தது இந்தக் கொசைன் மாற்றமே.

அது என்ன செய்கிறது? கடற்கரையில் நின்று அலைகளைப் பாருங்கள். நீண்டு உருண்டு வரும் பெரிய அலை ஒன்று. அதன் முதுகில் சிற்றலைகள். அவற்றின் மேல் காற்று கிளப்பும் நுண்ணிய நெளிவுகள். கடலின் மேற்பரப்பை இந்த அலைகளின் கூட்டுத்தொகை எனலாம். ஜேபெக், படத்தை 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 எண்களை 64 அலைவடிவங்களின் கூட்டுத்தொகையாக மாற்றி எழுதுகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி ஒளியைக் குறிக்கும். அடுத்தடுத்த எண்கள் மேலும் மேலும் நுண்ணிய நெளிவுகளைக் குறிக்கும். இதுவரை எந்த இழப்பும் இல்லை. இழப்பு வருவது அடுத்த படியில்தான்.

முத்துச் சல்லடை

அந்த அடுத்த படியை விளக்க, நம் முத்துக்கரையிலேயே அருமையான உவமை ஒன்று இருக்கிறது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் அது நடந்த காலத்தில் முத்துகளை எப்படித் தரம் பிரித்தார்கள் தெரியுமா? பத்துப் பித்தளைச் சல்லடைகள். எல்லாம் ஒரே அளவுக் கிண்ணங்கள். முதல் சல்லடையில் 20 துளைகள், அடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1,000. துளைகள் பெருகப் பெருக ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். பெரிய முத்து 20 துளைச் சல்லடையிலேயே தங்கிவிடும். சிறியவை இறங்கி இறங்கி அடுத்தடுத்த சல்லடைகளில் தங்கும்.

ஜேபெக்கும் எண்களைச் சலிக்கிறது. ஒவ்வோர் எண்ணையும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து, பின்னத்தை விட்டு முழு எண்ணாக்குகிறது. 236 என்ற எண்ணை 16-ஆல் வகுத்தால் 14.75, முழு எண்ணாக்கினால் 15. படத்தைத் திறக்கும்போது 15-ஐ 16-ஆல் பெருக்க, 240 வருகிறது. 236 எங்கே, 240 எங்கே? சிறிய பிழை, கண் கண்டுகொள்ளாது. ஆனால் நுண்நெளிவைக் குறிக்கும் 7 என்ற எண்ணை 20-ஆல் வகுத்தால் 0.35, முழு எண்ணாக்கினால் சுழியம். திரும்பப் பெருக்கினாலும் சுழியம்தான். அந்த நெளிவு சல்லடை வழியே விழுந்துவிட்டது! இப்படிச் சுழியங்கள் மிகும்போது, "சுழியம் 40" என்று துறைமுகப் பெட்டகக் கணக்கைப்போல எழுதிவிடலாம். கோப்பு இளைக்கிறது.

படத்தின் 'தரம்' 90, 60, 20 என்றெல்லாம் கேட்கிறதே மென்பொருள், அது எந்தச் சல்லடை வேண்டும் என்று கேட்பதே ஆகும். தரத்தைக் குறைத்தால் துளை பெரிதாகிறது; அதிக எண்கள் விழுகின்றன. வானம், கடல், முகம் ஆகியவற்றில் இது பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் வெள்ளைக் கோலில் கருப்பு எழுத்து இருக்கிறதே, அதன் விளிம்பு சட்டென்று வெள்ளையிலிருந்து கருப்புக்குத் தாவுகிறது. அந்தத் தாவலைக் கட்டியெழுப்ப நுண்ணிய அலைகள் எல்லாம் வேண்டும். அவை விழுந்துவிட்டால் விளிம்பு கசிகிறது, 3-இன் திறந்த வாய் அடைபடுகிறது, 8 ஆகிவிடுகிறது. மாணவிகளின் அறிக்கையில் நடந்தது இதுவே.

முத்து வணிகருக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர் சல்லடையிலிருந்து விழுந்ததைக் கீறே ஏந்திக்கொள்வார். சிப்பிகளைக் கழுவிய மணலைக்கூட உலர்த்தி, பொடிமுத்துக்காகத் திரும்பத் திரும்பத் துழாவுவார்கள். ஜேபெக்கின் சல்லடைக்குக் கீழே ஏந்தும் பாத்திரம் கிடையாது. விழுந்தது விழுந்ததுதான். சுருக்கிய படத்தை எந்த மந்திரத்தாலும் பழைய படமாக்க முடியாது.

இது சிறு பிள்ளைகளுக்கு மட்டும் நேரும் தவறு என்று எண்ணிவிடாதீர்கள். 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு விந்தையை வெளியிட்டார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில வகை இயந்திரங்களில் ஒரு கட்டட வரைபடத்தை வருடி எடுத்தபோது, அறைகளின் பரப்பு மாறிவிட்டது! 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்றிருந்த மூன்று அறைகளும் 14.13 என்றே வந்தன. அங்கே பயன்பட்டது வேறொரு சுருக்க முறை. ஒன்றுபோலத் தோன்றும் சிறு பகுதிகளை ஒரே பகுதி என்று கருதி, ஒன்றின் படியை மற்றொன்றின் இடத்தில் ஒட்டிவிடும் முறை அது. மங்கலாக வந்திருந்தால் யாரேனும் ஐயப்பட்டிருப்பார்கள். தெளிவாகவே தவறாக வந்தது. பின்னர் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. சுருக்கம் என்பது சும்மா எடை குறைப்பது அன்று, செய்தியின் மேல் கை வைப்பது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"இப்போது இதெல்லாம் எதற்கு?"

சிலர் என்னிடம் வாதிடுவதுண்டு. "சேமிப்பகம் மலிந்துவிட்டது, இணையம் விரைந்துவிட்டது. 96 மெகாபைட்டை அப்படியே அனுப்பினால் என்ன? மேகத்தில் ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்பினால் போகிறது!" என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அசலைச் சேமிக்க அந்த வழி மிக நல்லது. ஆனால் பெறுபவரையும் எண்ணிப் பார்க்க வேண்டாவா? நடுவர் 60 அறிக்கைகளைப் படிக்க வேண்டும். அவர் கைப்பேசியில் அன்றாட இணைய அளவு முடிந்திருக்கலாம். பள்ளிக் கணினி பழையதாக இருக்கலாம். இன்னொன்று: மின்னஞ்சலில் செல்லும் இணைப்பு, 3 பைட்டுக்கு 4 எழுத்து என்று மாற்றி எழுதப்படுகிறது, எடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 25 மெகாபைட் என்று வரம்பிருந்தால் 18 மெகாபைட்டுக்கு மேல் சிக்கல்தான். தேவைக்கு மேல் சுமத்தாமல் அனுப்புவது ஒரு நாகரிகம்.

மாறாக, "எதற்கு இந்தத் தொல்லை? இணையத்தில் இலவசமாகச் சுருக்கித் தரும் தளங்கள் இருக்கின்றனவே" என்பவர்களும் உண்டு. கடற்கரைப் படம் என்றால் போகட்டும். உதவித்தொகைக்காக மதிப்பெண் சான்றிதழையும் ஆதார் அட்டையையும் முகம் தெரியாத ஒரு தளத்திடம் கொடுக்கலாமா? கொடுத்த படியை அவர்கள் அழித்துவிட்டார்களா என்று யார் பார்ப்பது? உங்கள் கணினியிலேயே இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடிய வேலைக்கு இந்த ஆபத்து தேவையில்லை.

எப்படிச் செய்வது?

என் மாணவர்களுக்கு நான் கூறும் ஒழுங்கு இது.

ஒன்று: அசலைத் தொடாதே. 'அசல்' என்று ஓர் உறை உண்டாக்கி, படங்களை எடுத்த அன்றே அதில் போட்டுவிடுங்கள். வேறோர் இடத்திலும் ஒரு படி இருக்கட்டும். வேலை எல்லாம் படியின் மேல்தான். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போதெல்லாம் அது மறுபடி சலிக்கப்படுகிறது என்பதையும் மறவாதீர்கள். வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பும் படமும் சுருங்கியே போய்ச் சேர்கிறது. நண்பரிடமிருந்து அசல் வேண்டுமானால் அதை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டு: வேண்டாததை முதலிலேயே வெட்டு. அளவுக்கோலைக் காட்டும் படத்தில் பாதி வானம் எதற்கு? வேர்டுக்குள் கொண்டுவருமுன், படம் திருத்தும் மென்பொருளில் வெட்டி, குறுக்கே 1,400 புள்ளிகளாகக் குறைத்து, தரம் 80 அளவில் சேமியுங்கள். 4 மெகாபைட் படம் பெரும்பாலும் 300 அல்லது 400 கிலோபைட்டாக வந்துவிடும். மணல், இலை போன்ற நுண்விவரம் மிகுந்த படம் கொஞ்சம் கூடுதலாக வரும். ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

மூன்று: படத்துக்கு ஏற்ற வகை. ஒளிப்படத்துக்கு ஜேபெக். வரைபடம், அட்டவணை, கணினித் திரையின் படம் ஆகியவற்றுக்கு பி.என்.ஜி. இவற்றில் விளிம்புகள் கூர்மை. ஒரே நிறம் நீண்டு வரும். மாற்றிச் செய்தால் ஒன்று எடை ஏறும், அல்லது எழுத்து கசியும்.

நான்கு: எல்லாம் ஒட்டியாகிவிட்டதே என்றால், வேர்டில் படத்தைச் சொடுக்கி, மேலே 'பிக்சர் ஃபார்மேட்' பட்டியில் 'கம்ப்ரெஸ் பிக்சர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். "இந்தப் படத்துக்கு மட்டும்" என்ற குறியை எடுத்துவிட்டால் எல்லாப் படங்களுக்கும் பொருந்தும். அங்குலத்துக்கு 220 அல்லது 150 என்பதைத் தெரிவு செய்யுங்கள். கணினித் திரையில் மட்டும் பார்க்க 150 போதும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் படத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்தினால் 'கம்ப்ரெஸ்' என்று வரும். இதையும் கோப்பின் படி ஒன்றின் மேலேயே செய்யுங்கள்.

அதே இடத்தில் "வெட்டிய பகுதிகளை நீக்கு" என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதைக் குறிக்க மறவாதீர்கள். வேர்டுக்குள் வெட்டிய பகுதி கண்ணுக்கு மறைகிறதே தவிர, கோப்பில் அப்படியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதை மீண்டும் விரித்துப் பார்க்கலாம்! அடையாள அட்டையில் எண்ணை வெட்டி மறைத்துவிட்டோம் என்று நம்பி அனுப்புகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐந்து: அனுப்புமுன் படித்துப் பார். எந்தப் படம் எதற்குச் சான்றாக நிற்கிறதோ, அதை அங்கே தேடுங்கள். அளவுக்கோலின் எண் தெரிகிறதா? பவளத்தின் நிறம் மாறவில்லையா? தெரியவில்லை என்றால் அந்த ஒரு படத்துக்கு மட்டும் நுண்ணிய சல்லடையைப் பயன்படுத்துங்கள். எல்லாப் படங்களுக்கும் ஒரே சல்லடை என்று விதி இல்லை. அளவீட்டை நோட்டிலும் எழுதிவையுங்கள். பென்சில் எழுத்தை எந்த ஜேபெக்கும் சலிக்காது.

யார் தேர்ந்தெடுப்பது?

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குசல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. ஒரு காலத்தில் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தது அதற்கு ஒரு காரணம். தேய்ந்துவரும் வான்தீவைக் காக்க 2015 முதல் கடலுக்கடியில் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். கரை மாறிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் இன்று எடுக்கும் ஒரு படம், முப்பது ஆண்டு கழித்து ஓர் ஆய்வாளருக்குத் தேவைப்படலாம். அந்தக் கரையைத் திரும்பப் போய்ப் படம் எடுக்க அவரால் முடியாது. அசலை அழிக்காமல் வைப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்.

படத்தைச் சுருக்குவது பொத்தான் அழுத்தும் வேலை அன்று; எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் வேலை. அந்தப் படத்தை எதற்காக எடுத்தோம் என்று அறிந்தவரே அதைச் செய்யத் தகுந்தவர். கணினிக்கு மணலும் தெரியாது, அளவும் தெரியாது. அதற்கு எல்லாம் வெறும் எண்களே. ஆகவே எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு மணி நேரம், அலைகள் பாடத்தோடு சேர்த்து இதைச் செய்முறையாகக் கற்றுத்தர வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். போட்டி நடத்துவோரும், எத்தனை மெகாபைட் என்று விதி போடும் அதே தாளில், எப்படிக் குறைப்பது என்று நான்கு வரி எழுதட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றே ஓர் அளவுக்கோலைப் படம் எடுங்கள். அசலைத் தனியே வைத்துவிட்டு, படியைத் தரம் 90, 70, 50, 30, 10 என்று ஐந்து முறை, ஒவ்வொரு தடவையும் அசலிலிருந்தே தொடங்கிச் சேமியுங்கள். ஒவ்வொன்றின் எடையையும், எந்த மில்லிமீட்டர்க் கோடு வரை படிக்க முடிகிறது என்பதையும் அட்டவணையாக எழுதுங்கள். எந்த இடத்தில் 3-உம் 8-உம் ஒன்றாகின்றன என்று பாருங்கள். அந்த எண்ணை உங்கள் நோட்டில் குறித்து வையுங்கள்.

அந்த மூன்று மாணவிகளைப் பற்றிக் கேட்பீர்கள். அவர்கள் சோர்ந்துவிடவில்லை. கம்பத்தில் சிவப்புக் கோடு மங்கியிருந்ததாம். புதிதாக வண்ணம் பூசிவிட்டு, முதல் வாரத்திலிருந்து மறுபடி அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இம்முறை அளவு முதலில் நோட்டில் ஏறுகிறது, பிறகுதான் படம்.